கருப்பட்டிக் காப்பியில் கலந்தது

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தே பல வருடம் போய்விட்டது. அம்மா இருக்கும்வரை தைரியம் வரவில்லை. அவள் போன பிறகும் கை ஓடவில்லை. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இன்று எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்குச் சரம் பின்னும் வேலை. தீபாவளி சீசன் நேரத்தில் வலது மணிக்கட்டு வீங்கி, விரல் மடங்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் அக்குபஞ்சர் பார்க்கும் ஒருவரிடம் போனாள். அவர் நாடி பிடித்துப் பார்த்து, மயிரிழை போன்ற ஊசிகளைக் குத்தினார். இந்த வைத்தியம் முடியும்வரை வலி மாத்திரை வேண்டாம் என்றார். அம்மா மாரியம்மன் படத்தின் முன் சத்தியமே செய்துவிட்டாள்.

மறுநாள் காலை எனக்குச் சடை பின்னும்போது வலி தாங்காமல் அழுதாள். அதற்கடுத்த நாளிலிருந்து நான் வீட்டில் கிடந்த வலி மாத்திரையை அவளுக்குத் தெரியாமல் நுணுக்கிக் கருப்பட்டிக் காப்பியில் கலந்து கொடுத்தேன். பிள்ளை காப்பி போடுகிறதே என்று அவளுக்குப் பூரிப்பு.

நாலைந்து நாளில் விரல் மடங்கியது. ஊசிக்காரர் கேட்டார்:

"மாத்திரை ஏதும் சாப்பிட்டீகளா?"

"மாரியம்மா மேல சத்தியமா இல்லங்கய்யா."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

அதே கம்பெனியில் வேலை பார்த்த சித்திக்குச் சர்க்கரை வியாதி.

"என்னக்கா, கை இம்புட்டு வேகமா ஓடுது? சாமி கீமி வந்துருச்சா?"

"எல்லாம் ஊசிடி! ஒன் மாத்திரையக் குப்பையில போட்டுட்டு அங்கன போயிக் கையக் காட்டு."

சித்தி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்காரரிடம் போனாள். நிறுத்தச் சொன்னது அவர் இல்லை, அம்மாதான். சித்தியும் அவரிடம் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. சில மாதத்தில் காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அம்மாவிடம் சொன்னாள்:

"ஒனக்கு ஊசி கேட்டுச்சுல்லக்கா. எனக்குத்தான் நம்பிக்கை பத்தல போல."

அம்மா அழுதாள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. சித்தி கொடுத்த ஆரஞ்சுப் பழத்தைக்கூட உரித்துத் தின்றேன். என்மேல் விழ வேண்டிய பழியை அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அம்மாவின் கையைக் குணமாக்கியது ஊசியா மாத்திரையா, இன்றும் தெரியாது. தெரிய வழியில்லாமல் செய்தவள் நான். இதை யாரிடமாவது சொல்வதானால், ஊசியைப் பழிக்காமல், சித்தியின் நம்பிக்கையைக் குறை சொல்லாமல், பத்து வயதுப் பிள்ளைதானே என்று என்னையும் விட்டுவிடாமல், உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.