ராக்கம்மாள் கேட்ட பன்னிரண்டு வாரம்

ராக்கம்மாள் வாயைத் திறந்தால் மில் இரைச்சலே ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவள். இரண்டு வருஷம் அடுத்தடுத்து மழை பொய்த்து, கம்பும் பருத்தியும் காட்டிலேயே கருகிப்போக, புருஷன் பால்சாமியோடு அருப்புக்கோட்டைக்கு வந்து நூல் மில்லில் சேர்ந்தாள். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை. அங்கே எல்லாரும் பெண்கள்.

1967-இல் ஒருநாள் மில் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு வருகிறதாம். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி அதைவிடக் கூடுதலாகப் போடுவார், சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்து நடத்தும்.

எதிர் டீக்கடையில் அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. முதல் குரல் செல்லப்பாண்டியுடையது. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற பகுதியில் வேலை பார்ப்பவன், வாய்த்துடுக்கு அதிகம்.

"காய்ச்சல் வந்தவன் மருந்து வாங்கட்டும். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற எங்கிட்ட எதுக்குப் பிடிக்கணும்? நம்ம வயித்துவலிக்கும் சர்க்காருக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கே கறுப்புத் துணி குத்திக்கிட்டு வேலைக்குப் போவோம்!"

நாலைந்து பேர் கைதட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மேஸ்திரி சங்கரபாண்டியனிடம் போய், "அண்ணாச்சி, அந்த நோட்டீஸை முழுசாப் படிச்சுச் சொல்லுங்க" என்றாள் ராக்கம்மாள். அவர் படித்துக்கொண்டே வந்து, "பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு" என்ற இடத்தைத் தொட்டதும், "நில்லுங்க, அதை இன்னொருக்காப் படிங்க" என்றாள்.

தன் இரண்டாவது பிள்ளையைப் பெற்ற பதினாறாம் நாளே அவள் மில்லுக்கு வந்தவள். வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். பிள்ளை வீட்டில் அழுகிற நேரத்துக்கு இங்கே ரவிக்கை நனையும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு டீக்கடை முன்னால், அத்தனை ஆண்களுக்கும் நடுவில், சத்தமாகச் சொன்னாள்.

கைதட்டியவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். செல்லப்பாண்டி மட்டும் விடவில்லை. "மதினி, நான் ஓடுற குதிரை. எனக்கு எந்த லீவும் வேண்டாம்."

"ஓடுற குதிரைக்குத்தான் கொழுந்தனாரே லாடம் அடிப்பாக!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கறுப்புத் துணிப் பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகைக் கட்டிடத்தில் மருந்தகம் திறந்தார்கள். டாக்டர் கோகிலாம்பாள் என்று ஒரு அம்மாள் வந்தார். வேலை ஏறுமுன் பெண்கள், குடும்பத்தார் பெயரும் எழுதிய காப்பீட்டு அட்டையும் கையுமாகப் போய் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சனிக்கிழமை தவறாமல் நின்றவன் செல்லப்பாண்டி.

"கல்லுக்குண்டுக்கு என்ன கேடு?" என்று ராக்கம்மாள் கேட்டாள்.

"எங்காசைப் பிடிக்கிறாகல்ல, சும்மா விடுவனா? போன வாரம் தலைவலி, இந்த வாரம் இடுப்பு. ஒரு பாட்டில் மிக்சர் மருந்தாவது வாங்கிட்டுப் போனாத்தான் மனசு ஆறுது."

"பொதுப் பானையில நீ வீம்புக்கு மோந்தா, தாகத்துல வாரவளுக்கு என்னய்யா மிஞ்சும்?" என்று அவள் திட்டினாள். அவன் கேட்கவில்லை.

ஏழாவது சனிக்கிழமை இடுப்பு வலி என்று போனவனின் நெஞ்சில் டாக்டரம்மா குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. "லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்கு நெஞ்சு அடைக்குதா? இருமல் வருதா?" என்று கேட்டார். வரும்தான், அந்தப் பகுதியில் எல்லாருக்கும் வரும், அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. பஞ்சுத் தூசி நுரையீரலில் இறங்கத் தொடங்கியிருக்கிறது, இப்போதே இடம் மாற்றினால் பயமில்லை என்று மில்லுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

செல்லப்பாண்டி முகம் வெளிறி ராக்கம்மாளிடம் வந்தான். "நல்லா இருந்தவனை நோயாளி ஆக்கிட்டாகளே மதினி! மானேஜர்கிட்ட இதைக் காட்டினா வேலையை விட்டே அனுப்பிருவாக."

"கடிதத்தைக் குடு" என்று வாங்கி மடியில் செருகினாள். மறுநாள் ஷிப்டு மாறுகிற நேரத்தில் ரீலிங் பெண்கள் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தாள். தனக்கும் கேட்க வேண்டியது இருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல, மானேஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அடுத்த வாரமே செல்லப்பாண்டி நூல் சிப்பம் கட்டும் இடத்துக்கு மாறினான். அது ரீலிங்கை ஒட்டிய அறை.

"தூசிக்குத் தப்பிச்சேன், இவுக பேச்சுக்குத் தப்ப முடியல" என்று போவோர் வருவோரிடம் சொன்னான். ஆனால் மாசம் ஒருதடவை ஒழுங்காகப் போய் நெஞ்சைக் காட்டிவந்தான்.

இந்தக் கதை பஸ் ஏறித் திருச்சுழிப் பக்கமும் போயிற்று. பொங்கலுக்கு ராக்கம்மாள் ஊருக்குப் போனபோது, பருத்தி எடுக்கிற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கருத்தம்மாள் என்பவள், "என்னையும் ஒந்தங்கச்சின்னு அட்டையில எழுதிக்கோக்கா" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து தங்கைகள் முளைத்தார்கள். ராக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மனசு கனத்தது. பொய் எழுத மாட்டேன் என்றாள், ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பேன் என்றாள்.

1974-இல் மில் கேன்டீனில் ஒரு கூட்டம். சென்னையிலிருந்து வந்த அதிகாரி திட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார். ராக்கம்மாள் எழுந்தாள்.

"ஐயா, மழையை நம்பிக் காட்டுல வேலை செய்றவுகளுக்கு இது எப்ப வரும்?"

"அதுக்குச் சட்டத்துல இடமில்லையேம்மா."

"இடம் இல்லைன்னா இடம் போடுங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தர் நெருக்கிக்கிட்டு உக்காந்துக்கிறோம்!"

முதலில் கைதட்டியவன் செல்லப்பாண்டி. கேன்டீனே அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, "எழுதிக்கிறேன்" என்றார்.

ராக்கம்மாள் உட்காரவில்லை. அவர் பேனாவைத் திறந்து, காகிதத்தில் எழுதி, மூடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.