கழுவிய மரவள்ளிக் கொழுந்து

எடப்புளி நாட்டு மலையூர்களில் பாப்பாயியைப் போலக் கழுவுகிறவள் இன்னொருத்தி கிடையாது. கடையில் வாங்கிய சோப்பையே கழுவிவிட்டுத்தான் குளிப்பாள் என்று ஊரே கிண்டலடிக்கும். "சிரிங்க, நல்லாச் சிரிங்க. சீக்கு வந்தா என்ர ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்பாள். புருஷன் போன பிறகு ஆடு வளர்த்தே மகளைக் கட்டிக்கொடுத்தவள். மந்தையில் மூத்தது செவலை. பல் கொட்டிப்போன கிழடு. அதைக் கறிக்கு விலை பேச வந்தவனை விளக்குமாற்றோடு துரத்தினாள்.

மரவள்ளி இலையில் விஷம் உண்டென்று மலையில் யாருக்குத் தெரியாது? அது வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகே பாப்பாயி ஆட்டுக்குப் போடுவாள். போன ஐப்பசியில் பாழாய்ப்போன மழை விடவே இல்லை. தீவனம் தீர்ந்து ஆடுகள் பசியில் கத்தின. கருவாட்டைக் கழுவினால் உப்பு போகிறதே, இலையைக் கழுவினால் விஷம் போகாதா என்று நினைத்தாள். பச்சைக் கொழுந்தைப் பறித்து ஓடையில் அலசு அலசென்று அலசினாள். எல்லாவற்றுக்கும் அள்ளிப் போட்டாள். செவலைக்கு மட்டும் தன் கையாலேயே ஊட்டினாள்.

அடக் கடவுளே! ஊட்டிய கை காய்வதற்குள் செவலை தள்ளாடியது. வாயில் நுரை தள்ளியது. காலை உதறிக்கொண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற ஆடுகளும் நடுங்க ஆரம்பித்தன. "ஐயோ, என் சாமி!" என்று பாப்பாயி அலறினாள். பக்கத்துக் காட்டுச் சின்னையன் போன் போட்டார். மழையில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்தார் கால்நடை டாக்டர் ராதிகா. அதற்குள் செவலை செத்துவிட்டது. ஊசி போட்ட மற்றவை பிழைத்துக்கொண்டன.

"கழுவித்தானுங்க போட்டேன்! கருவாட்டு உப்பே கழுவுனா போயிருது, இது மட்டும் ஏனுங்க போகலை?"

"உப்பு வேற மாதிரிங்கம்மா. அதுல ஒரு அணு எலக்ட்ரானைக் குடுத்துருது, இன்னொண்ணு வாங்கிக்குது. அதனால ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கும். தண்ணி பட்டா ரெண்டும் பிரிஞ்சு போயிரும். இலைக்குள்ள விஷமும் சர்க்கரையும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக் கட்டிக்கிட்டு இருக்குதுங்க. அந்தக் கட்டு தண்ணிக்கு விடாது."

"அப்பறம் எதுக்குங்க விடும்?"

"இலை நசுங்கணும். நசுங்குனா அதுக்குள்ளயே இருக்கற ஒரு பொருள் அந்தக் கட்டை அறுத்து விட்டுரும். விஷம் உடம்புக்குள்ள போய் அங்க இருக்கற இரும்பைப் பிடிச்சுக்கும். இழுக்கற காத்தை உடம்பு எடுத்துக்க அந்த இரும்புதான் வேணும். அப்பறம் மூச்சு இழுத்தும் பிரயோசனமில்லீங்க. நான் போட்ட மருந்துல கந்தகம் இருக்கு. அது விஷத்தோட சேந்து, அதை மூத்திரத்துல வெளிய தள்ளிரும்."

கந்தகமும் இரும்பும் பாப்பாயி காதில் ஏறவில்லை. 'நசுங்கணும்' என்ற சொல்லோடு அவள் காது நின்றுவிட்டது.

டாக்டர் செவலையின் வாயைத் திறந்து பார்த்தார். "ஆச்சரியமா இருக்குதுங்கம்மா. பல்லே இல்லை. இது மென்னு தின்னுருக்கவே முடியாது. இது எப்படி முதல்ல விழுந்துச்சு?"

பாப்பாயி வாசலோரத்து அம்மியைப் பார்த்தாள். பச்சை விழுது இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"நாந்தானுங்க நசுக்கிக் குடுத்தேன்" என்றாள். "கெழடு, மெல்லறதுக்குச் சிரமப்படுமேன்னு."

டாக்டர் செவலையின் வாயை மெல்ல மூடினார். சின்னையன் கை கழுவச் சொல்லி ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். பாப்பாயி அதை வாங்கவே இல்லை.