டீச்சர் கையில் பூங்கொடி

எங்கள் எஸ்டேட்டில் யார் கையில் என்ன இருக்கிறது என்பது மாசி மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஸ்வெட்டருக்குள் இருக்கும். ஆனியில் பிடிக்கிற மழை, அதை விட்டால் மூடுபனி, மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் பனி. இத்தனையும் தாண்டி மாசி வெயில் முதுகில் ஏறும்போதுதான் நீலகிரியில் எங்கள் நடுவட்டத்துப் பக்கத்து ஜனங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் போடுவார்கள். அப்படி ஒரு மாசி வெயிலில்தான் எங்கள் டீச்சருடைய கை வெளியே வந்தது.

இப்போது என் மகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் ஒருவருக்குக் காதோரம் சின்னதாகப் பச்சை குத்திய ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. குறை சொல்கிறவர்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டுவிட்டு அடங்கிப்போகிறார்கள். எங்கள் காலத்தில் அப்படி லேசாகப் போகவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் கிறிஸ்தவ சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது, கோயிலை ஒட்டியே இருக்கும். டீச்சர் ஊட்டிக்காரர். ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி எடுத்திருந்தார்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போவார்.

அவர் கையில் பிரம்பு கிடையாது. எங்களைப் போன்ற வாண்டுகளை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோகும். முன்பு இருந்தவரானால் அந்த இடத்தில் ஒரு குட்டு விழும். இவரோ, “மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க கண்ணு, ஏழு எங்கயும் ஓடிப்போகாது” என்பார். நானும் மூச்சு விட்டுவிட்டுச் சொல்வேன். வந்துவிடும். இன்றைக்கும் கடையில் கணக்குப் போடும்போது ஏழு வந்தால் நான் ஒரு மூச்சு விட்டுக்கொள்வது உண்டு.

விளையாட்டு விழாவுக்கு எங்களை ஓடவிட்டுப் பழக்கிய நாளில், வெயில் தாங்காமல் டீச்சர் ஸ்வெட்டரைக் கழற்றினார். வலது மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஒரு கொடி சுற்றிக்கொண்டு ஏறியது. இலை பச்சை, பூ சிவப்பு. ஓடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம்.

“இது அழியாதுங்களா டீச்சர்?”

“அழியாதுங்க கண்ணு.”

“எதுக்குங்க குத்துனீங்க?”

“புடிச்சிருந்துச்சு. மொத சம்பளம் வாங்குனதும் கோயமுத்தூர் போயிக் குத்திக்கிட்டேன்.”

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். அவ்வளவுதான். பிடித்திருந்தது, குத்திக்கொண்டார். எஸ்டேட்டில் பெரியவர்கள் யாரும் கடைசிவரை நம்பாத காரணம் அதுதான்.

அதற்குப் பிறகு வகுப்பே மாறிப்போனது. போர்டில் அவர் எழுதும்போது கொடி மேலே ஏறும், எழுதி முடித்தால் இறங்கும். எங்கள் கண் அந்தக் கையை விட்டு நகராது. அதனால் போர்டில் இருப்பதைத் தப்பில்லாமல் எழுதினோம். அந்த மாதம் எல்லோருக்கும் நல்ல மார்க்கு.

எங்களுக்கும் கொடி வேண்டும் என்று ஆசை வந்தது. ஓடைக்கரையில் ஒரு செடி உண்டு. இலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி பூசினது போல இருக்கும். பறித்துக் கையில் வைத்து ஓங்கி ஓர் அறை அறைந்தால் இலை அப்படியே அச்சாக விழும். எங்கள் கறுத்த கைகளில் அது வெள்ளி போல எடுப்பாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஓடைக்கு இறங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அறைந்துகொண்டு வந்தோம். ஜெபத்தில் கையைக் கூப்பியபோது ஒரு வரிசை முழுக்க வெள்ளிக் கொடி.

அத்தை பார்த்துவிட்டாள். அப்பாவுடைய அக்கா. சபையில் எது நடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“என்றி இது கோலம்? எவ சொல்லிக் குடுத்தா?”

“டீச்சர் கையில இருக்குதுங்க அத்தை. அது பச்சை, சிவப்பு. இது வெள்ளைதானுங்க.”

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பா பள்ளிக்கூடக் கமிட்டியில் ஓர் ஆள். தேயிலை ஃபேக்டரியில் வேலை, அதிர்ந்து பேசாத மனுஷர்.

“டீச்சருன்னா ஒரு லட்சணம் வேண்டாமாடா? அந்தக் கொடிக்குள்ள எவன் பேரு ஒளிஞ்சிருக்குதோ ஆரு கண்டா?”

“நல்லாச் சொல்லித் தருதுக்கா அந்தப் பொண்ணு” என்றார் அப்பா.

“சொல்லித் தரட்டும். நாளைக்கு இதுக மூஞ்சியில குத்தீட்டு வந்து நிக்கும். அப்பத் தெரியும்.”

“அம்மா கையிலயும் இருக்குதுங்களே அத்தை” என்றேன் நான்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. அவள் கையில் புள்ளி வைத்த ஒரு கோலம், அதன் கீழே ஒரு தேள். சின்ன வயசில், சமவெளியில் அவள் ஊரில் குத்தினது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவள் சபைக்கு வந்தாள்.

“உங்கம்மா குத்துனது கர்த்தரைத் தெரியாத காலத்துல” என்றாள் அத்தை. “இது படிச்சுப்போட்டுக் குத்துனது.”

அத்தை கெட்டவள் இல்லை. எங்கள் நன்மைக்குப் பயந்தாள். அப்படிப் பயந்தவர்கள் அப்போது எங்கள் சபையில் நிறைய இருந்தார்கள். போதகருக்கும் மனசில் சங்கடம், வேதத்தில் இதற்கு விரோதமாகச் சொல்லியிருக்கிறதே என்று. கமிட்டி கூடியது. டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றுதான் முடிவானது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். குற்றம் சொல்லும்போது ஆள் பேரைச் சபையில் சொல்ல மாட்டார்கள். மனசு நோகும் என்று பொதுவாகச் சொல்லி, அவரவர் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா எழுந்து நின்று வாசித்தார்: பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் முன்பாகப் பணி செய்கிற எவரும் கையில் பச்சை குத்தியவராக இருக்கக் கூடாது என்று கமிட்டி அன்போடு கேட்டுக்கொள்கிறது.

அன்போடு என்ற வார்த்தையை அப்பாவே சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் எங்கள் டீச்சரைக் கூப்பிட்டு, மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். வகுப்புக்கு வந்தவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அந்த வெயிலில் நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. போர்டில் எழுதினார். கொடி இல்லை. ஒரு பெண் அழ ஆரம்பித்ததும் எல்லோரும் அழுதோம்.

“அழுதுட்டு எழுதுனா நோட்டு நனைஞ்சுபோகும் கண்ணு. மொதல்ல அழுது முடிங்க, அப்பறம் எழுதலாம்” என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று மத்தியானம் இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போடும் ஆயா வரவில்லை. சாயங்காலம் அப்பா அவர் வீட்டுக்கு விசாரிக்கப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஏனுங்கக்கா, ஒடம்பு சரியில்லீங்களா?”

ஆயா வாசலில் உட்கார்ந்து கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே அவர் புருஷன் பேர் பச்சையாக இருந்தது.

“நல்லாத்தானுங்க இருக்கறேன். நீங்கதான கோயில்ல வாசிச்சீங்க, பச்சை குத்துனவீக வரக்கூடாதுன்னு?”

“அது உங்களுக்கு இல்லீங்கக்கா.”

“அப்பிடீங்களா? பின்ன ஆருக்குங்க?”

அப்பா கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம் கொழுந்து எடை போடும் இடத்தில் பெண்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்கள். நான் அம்மாவைக் கூப்பிடப் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. பலகாரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

பண்டிகை என்றால் எங்கள் சபையில் எல்லோருக்கும் விருந்து. பள்ளிக்கூடத்தில்தான் சமையல், அங்கேதான் பந்தி. சனிக்கிழமை மத்தியானமே பெண்கள் எல்லோரும் அரிவாள்மனையோடு வந்து காய் அரிய உட்காருவார்கள். அம்மாதான் சமையலுக்குத் தலைமை. அந்தச் சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்து ஹாலை எட்டிப் பார்த்தபோது, கேரட்டும் முட்டைகோஸும் உருளைக்கிழங்கும் குன்றாகக் குவிந்திருந்தன. நடுவில் அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பச்சை கிடையாது. வெங்காயம் உரித்து உரித்துக் கண்ணெல்லாம் சிவந்து, “எங்கடி போய்த் தொலைஞ்சாளுக எல்லாரும்?” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்தில் கையில்லாத பனியனோடு கமிட்டி ஆட்கள் இருவர், கோஸை எந்தப் பக்கம் வெட்டுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வேகமாக வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலில் நிதானமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மிணி, அங்க எங்கக்கா ஒருத்தியே உக்காந்து அழுதுட்டு இருக்கறா. நீ இங்க என்ன பண்ற?”

“எங்கீங்க வரச் சொல்றீங்க? பள்ளிக்கூடத்துக்குங்களா?”

“பின்ன?”

அம்மா வலது கையை நீட்டினாள். “இத எங்கீங்க வெச்சுட்டு வர்றது? கழட்டி ஆணியில மாட்டீட்டு வர முடியுங்களா?”

“அட, அது உங்களுக்குச் சொன்னதில்லைன்னு எத்தனை தடவை சொல்றது!”

“பேரு சொல்லலீங்களே. கர்த்தருடைய சந்நிதியில நின்னு வாசிச்சீங்க. எவரும்னு வாசிச்சீங்க. நாங்க மீறுனா நல்லா இருக்குங்களா?”

“ஒரே ஒருத்திக்காகச் சொன்னது அம்மிணி.”

“அப்பக் காலையில ஆராதனையில அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி, உனக்கு மட்டுந்தான்னு வாசிச்சுப்போடுங்க. நாங்க வந்து அரியறோம்.”

அம்மா இதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் டீச்சர் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்வெட்டர் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டிருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே நின்றார். தன்னைவிட இளைய பெண்ணுக்கு முன்னால் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“டீச்சர், நாளைக்குப் பண்டிகைங்க. நீங்க இருக்கோணும்.”

டீச்சர் அப்பாவை நேராகப் பார்த்தார். “ஸ்வெட்டரோடங்களா, இல்லாமங்களா?”

வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அப்பா ரோட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், அப்புறம் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“நல்ல வெயிலாத்தானுங்க இருக்குது” என்றார்.

பஸ் நின்றது. டீச்சர் ஏறவில்லை. கண்டக்டர் கதவைத் தட்டிவிட்டுப் போனார். டீச்சர் பையைக் கீழே வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, பைக்குள் வைத்தார். நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, தோற்றுப்போன ஒரு பந்தயத்தை ஜெயித்தவள் மாதிரி முன்னால் நடந்தேன்.

செய்தி எப்படிப் போனதோ தெரியாது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக அரிவாள்மனையோடு இறங்கி வந்துவிட்டார்கள். தேள், தேர், புருஷன் பேர், மயில். எல்லாக் கைகளும் கேரட்டுக்குள் முங்கின. டீச்சர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்து, “வலிச்சுதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். “பயங்கரமா வலிச்சுதுங்க” என்றார் டீச்சர். அத்தையே முதலில் சிரித்தாள், வெங்காயக் கண்ணீரோடு.

ஞாயிறு ஆராதனையில், போன வார அறிவிப்பைக் கமிட்டி திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று அப்பா ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். போதகர் தலையை ஆட்டினார். டீச்சர் நிரந்தரமானார். என் தங்கைகளுக்கும் அவரே ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கெல்லாம் கோயில் நடுவிலேயே வகுப்பு நடந்தது. பெரியவர்களும் இருந்தார்கள். கீழ்ப்படிதல்தான் அன்றைய பாடம். சபையில் சொன்ன வார்த்தைக்கு அப்படியே கீழ்ப்படிந்த ஒருவரை உங்களில் யாருக்காவது தெரியுமா என்று போதகர் கேட்டார். மற்றப் பிள்ளைகள் விழித்தார்கள். நான் கை தூக்கி எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“எங்கம்மாங்க. பச்சை குத்துனவீக பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுன்னு வாசிச்சாங்க. பண்டிகைச் சமையல் கெட்டுப்போனாலும் பரவால்லைன்னு எங்கம்மா ஊட்டுலயே உக்காந்துக்கிட்டாங்க.”

பெண்கள் பக்கம் திடீரென்று இருமல் சத்தம் கிளம்பியது. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பரவியது. போதகர் வேதாகமத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. டீச்சர் குனிந்து கைக்குட்டையைத் தேடினார். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஜெபம் பண்ணுகிறவள் போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பனி போன பிறகும் இத்தனை பேருக்கு எப்படிச் சளி பிடித்தது என்று யோசித்துக்கொண்டே நான் உட்கார்ந்தேன்.