பச்சைத் தண்ணீரில் நொச்சி இலை

செபஸ்தியான் தும்மினால் தாடிக்கொம்பு ரோட்டின் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு தும்மல். தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கும் பட்டறை அவருடையது. சனிக்கிழமை சாணார்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைக் கழற்றப் போய், நல்ல மழையில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தொண்டை கரகரத்தது. திங்கட்கிழமை மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டது.

கசாயம் என்றாலே வீட்டை விட்டு ஓடுகிற மனிதர் அவர். அண்ணன் ஆண்டனிராஜும் மதினி கிளாராவும் மகள் ரீனாவும் சுற்றி நின்று கெஞ்சினால்தான் ஒரு வாய் உள்ளே போகும். அதிலும் பாதியைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அந்த வாரம் முழுக்க ஆவி பிடிக்கத் தானே போர்வையைத் தேடிப் போனார் என்றால், அதற்குக் காரணம் குவைத்தில் இருந்தது.

காரணத்தின் பெயர் புஷ்பமேரி, அவருடைய மனைவி. ரீனாவை நர்சிங் படிக்க வைப்பதற்காக அங்கே ஒரு வீட்டில் நடக்க முடியாத, வயதான ஒரு பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள். ரீனாவுக்கு இது கடைசி வருடம். பெரியம்மா சாயங்காலம் கண்ணயரும் நேரத்தில் புஷ்பத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஞாயிறுதோறும் அந்த நேரத்தில் வீடியோ காலில் வருவாள். போன் மதினி கைக்குப் போகும், அண்ணன் கைக்குப் போகும், ரீனாவிடம் அரைமணி நேரம் இருக்கும். செபஸ்தியான் கைக்கு வரும்போது பெரியம்மா விழித்துக்கொள்வாள். சாப்டியா, சாப்டேன், சரி வச்சுரவா என்பதோடு அவர்களுடைய குடும்பம் முடிந்துபோகும். தனியாகப் பேச மொட்டைமாடிக்குப் போகலாம்தான். இந்த வயதில் பெண்டாட்டியோடு பேச மாடிப்படி ஏறினால் அண்ணன் என்ன நினைப்பார்? செபஸ்தியானுக்கு அந்த வெட்கம் உயிரை வாங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேக்குறாக. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். மதினி பார்த்தாள். ரீனா பார்த்தாள். போனுக்குள்ளிருந்து புஷ்பமும் பார்த்தாள். "போதும், வந்துரு" என்று சொல்ல வாயெடுத்த செபஸ்தியான், இத்தனை கண்களையும் கண்டதும், "பாத்துச் செய்யி" என்றார். சாமான் வாங்கப் போகிறவளிடம் சொல்வதுபோல.

திங்கட்கிழமை தும்மல் செய்தி குவைத்துக்குப் போனது. சாயங்காலமே புஷ்பம் அழைத்துவிட்டாள். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கசாயம், ராத்திரிக்குத் தூதுவளை ரசம், படுக்கும்போது மஞ்சள் போட்ட பால் என்று மதினியிடம் அடுக்கினாள். கொதிக்கிற தண்ணீரில் நொச்சி இலை போட்டு வேது பிடிக்க வேண்டும் என்றாள்.

"போர்வைக்குள்ள போன வேகத்துல வெளிய வந்துருவாரு அக்கா. போனை அவரு கையில குடுங்க. நானும் உள்ள போறேன். ஒழுங்கா மூச்ச இழுக்குறாரான்னு பாக்கணும்."

வீடே சிரித்தது. கிளாரா கொதிக்கக் கொதிக்கப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். செபஸ்தியான் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டார். உள்ளே பானை, அவர், போன், போனுக்குள் அவள். நொச்சி வாசனை மண்டைக்கு ஏறியது. திரையில் ஆவி படிந்து அவள் முகம் மறைந்தது. விரலால் துடைத்தார். ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. மறுபடி மறைந்தது.

"ஞாபகம் இருக்கா?" என்று அவள் கேட்டாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

இல்லாமல் என்ன? கல்யாணமான புதிதில் இதே வீட்டின் இரண்டு அறைகளுக்குள் ஒன்பது பேர். பெண்டாட்டி முகத்தை நேராகப் பார்க்கக்கூட இடம் கிடையாது. ஒரு மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. புஷ்பம் பானையை வைத்துப் போர்வையை மூடிவிட்டுத் திரும்பியபோது, உள்ளிருந்து ஒரு கை வந்து அவளை இழுத்துக்கொண்டது. "ஐயோ, சளி ஒட்டிக்கும்!" என்று அவள் கிசுகிசுத்தாள். ஒட்டிக்கொள்ளவும் செய்தது. அதற்குப் பிறகு ஒருவர் தும்மினால் மற்றவரும் தும்முவார். "இந்த வீட்டுல சளிகூடச் சோடியாத்தான் வருது" என்று அண்ணன் கேலி செய்வார். மூச்சு முட்டும் அந்த இருட்டில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தார்கள். ரீனாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசி முடித்ததும் அங்கேதான்.

மறுநாளும் அழைத்தாள். அதற்கு மறுநாளும். கைவைத்தியம் நன்றாக வேலை செய்தது. செபஸ்தியானுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புதன்கிழமை காலையில் மூக்கு திறந்துகொண்டது, பட்டறையில் வார்னிஷ் வாசனைகூடத் தெரிந்தது. இத்தனை நாள் கசாயத்தைத் திட்டியவர், அது பலித்ததற்காகவும் திட்டினார். சளி போனால் தினமும் வரும் போனும் போகும், பிறகு ஞாயிற்றுக்கிழமைதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு தும்மல் தும்மினார். "தண்ணிய நானே வச்சுக்கிறேன் மதினி" என்று பானையைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். பச்சைத் தண்ணீர், மேலே நாலு நொச்சிக் கொழுந்து. அடுப்பில் வைக்கத் தெரியாமல் இல்லை. ஆவி வந்தால் அவள் முகம் மறைகிறதே!

இப்போது முகம் பளிச்சென்று தெரிந்தது. நெற்றியோரத்து நரை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். 'வந்துரு' என்று சொல்லத்தான் போனார். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை, சோறு இறங்கவில்லை, கட்டிலின் மறுபாதியில் மடித்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்ல நினைத்தார். மிளகை வறுத்துப் போடுவதா பச்சையாகப் போடுவதா என்று கேட்டார். வியாழக்கிழமை கற்பூரவல்லிச் சாற்றில் தேன் எவ்வளவு விடலாம் என்று விசாரித்தார். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டறையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் சொல்லிப் பழகினார். போன் வந்ததும் போர்வைக்குள் புகுந்து, அவள் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டார்:

"புஷ்பம், போதும். வந்துரு புள்ள. என்னால ஏலல."

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"காலைலதான் சரின்னு சொல்லிட்டேன்."

செபஸ்தியான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ரெண்டு வருசத்துக்கா?"

"ஆமா. இத ஞாயித்துக்கெழமயே சொல்லிருக்கக் கூடாதா?"

"எல்லாரும் இருந்தாக."

"திங்கக்கெழமைல இருந்து யாரு இருந்தா?"

அவர் பானையில் மிதந்த நொச்சிக் கொழுந்தை எடுத்துக் கிள்ளினார்.

"மொத நாளு உங்க மூஞ்சியே தெரியல, அம்புட்டு ஆவி. புதங்கெழமைல இருந்து கண்ணாடி கணக்காத் தெரியுது. உள்ள பச்சத்தண்ணின்னு எனக்குத் தெரியாதா? சளியும் இல்ல, ஆவியும் இல்ல, ஆனாலும் மனுசன் போர்வைய விட்டு வரல, எதையோ சொல்லத்தான் உக்காந்திருக்காருன்னு தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க மிளகப் பத்திக் கேட்டீக."

"அப்பவே நீ கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வெக்கப்பட்டுப் போர்வைய எடுத்துருவீகளே."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தர் கண்ணீரை ஒருத்தர் துடைக்க முடியாமல், முகம் மட்டும் துல்லியமாகத் தெரிய, அழுதார்கள். கடைசியில் அவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பெரியம்மா எந்திரிக்க இன்னும் செத்த நேரம் இருக்கு. போயி நெசமாவே சுடுதண்ணி வச்சுட்டு வாங்க."

"வச்சா மூஞ்சி தெரியாதே."

"தெரியலைன்னாத்தான் பக்கத்துல இருக்காப்ல இருக்கும். கல்யாணமான புதுசுல மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?"

செபஸ்தியான் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பானையோடு அடுப்படிக்குப் போனார். சிவந்த கண்ணையும் ஒழுகும் மூக்கையும் பார்த்த கிளாரா பதறினாள்.

"என்ன கொழுந்தனாரே, இன்னுமா சளி விடல?"

"இல்ல மதினி," என்று அடுப்பைப் பற்ற வைத்தார். "இப்பத்தான் புடிச்சிருக்கு."