தலைக்குள் ஒரு கங்காணி

எழுபதுகளின் தொடக்கத்தில், நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லய வீட்டு வரிசையில், பெரட்டுக்குப் பிந்திப் போகிற ஒரே ஆள் என் அம்மா. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. "மகாராணி தூங்கி எழும்பி வந்தாச்சா?" என்று வேலை வாங்குகிற கங்காணி கேட்பார். சனம் சிரிக்கும். பதின்மூன்று வயதில் எனக்கு மானமே போய்விடும். ஒருநாள் நானும் அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

முகம் ஊதி, குரல் தடித்து, வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொள்ள ஆரம்பித்தாள். கழுத்தும் வீங்கியது. பதுளை பெரியாஸ்பத்திரியில் சோதித்து மாத்திரை கொடுத்தார்கள். அது எதற்கென்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாதான் விளக்கினார்.

"தலைக்குள்ள ஒரு கங்காணி இருக்காரும்மா. கழுத்துல இருக்கிற சுரப்பிய வேலை செய்யச் சொல்லிச் சத்தம் போடுறாரு. அதால முடியல. அவரு கத்தக் கத்த கழுத்து வீங்குது. அது சுரக்க வேண்டியதத்தான் இந்த மாத்திரை குடுக்குது. போட்டா கங்காணி அடங்கிருவாரு."

அம்மா தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா, ஐயா?"

"இல்லம்மா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மாதத்தில் அம்மா ஆளே மாறிவிட்டாள். வேலைக்குச் சங்கு ஊதுமுன் தேத்தண்ணி கொதிக்கும். பனிக்குள் முதல் ஆளாகப் போவாள். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு பழையபடி எழும்ப முடியாமல் கிடந்தாள். சுவர்த் தட்டில் மாத்திரைப் போத்தல் அப்படியே இருந்தது. கேட்டால், "கங்காணிதான் அடங்கிட்டாரே, இன்னும் எதுக்கு?" என்றாள்.

டிஸ்பென்சர் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரைய நிப்பாட்டினா அவரு திரும்பக் கத்துவாரும்மா. காலம் பூரா போடணும்."

அன்றிலிருந்து விடிகாலையில் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பது என் வேலை. "கங்காணி கத்துறதுக்குள்ள போட்டுக்கம்மா" என்பேன். மன்னிப்பு என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஒருநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா சொன்னாள்: "சோம்பேறின்னாலும் நான் குடுத்து வெச்சவதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் மறந்திருக்கவில்லை.