ஆயுத பூஜையன்று ஓய்ந்திருந்த சர்வர்

பருத்திப்பட்டு கோதண்டத்துக்கு அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வரைக் காக்கும் உத்தியோகம். ஆபீசின் எல்லா ஃபைல்களும் அந்த ஒரே பெட்டியில் இருந்தன. அது படுத்தால், அவர் தினமும் டேப்பில் எடுத்து வைக்கும் நகல் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைலை டேப் எடுக்காமல் தாண்டிவிடும். ஸ்டோர்ஸ் வடிவு வீட்டுக்குப் போகும்போதுகூட சரக்குக் கணக்கை மூடியதே இல்லை.

"வடிவு, அத்த கொஞ்சம் மூடேன். டேப்புல ஏத்திக்கிறேன்."

"லாரி நின்னுகினு கீது அண்ணாத்தே. அப்பால வா."

கோதண்டம் பிறகு போகவே மாட்டார். வேலை செய்பவரைத் தொந்தரவு செய்வது பண்பல்ல என்பது அவருடைய கொள்கை. சோம்பலுக்கு இவ்வளவு மரியாதையான பெயரை வேறு யாரும் வைத்ததில்லை.

வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜையன்று, எல்லோரும் ஃபைல்களை மூடினார்கள். அன்று கோதண்டம் சர்வரையும் அணைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பொரி படைத்தார்.

தொண்ணூற்றைந்தாம் வருட வெயிலில் டிஸ்க் போயிற்று. முதலாளி பக்கத்தில் நிற்க, டேப் ஓடியது. கான்டீன் மெனு வந்தது. பழைய பொங்கல் வாழ்த்துகள் ஒன்றுவிடாமல் வந்தன. சரக்குக் கணக்கு மட்டும் வரவில்லை.

"அது எப்பவும் தொறந்தே கீது சார்."

"பூஜை அன்னிக்கு மூடித்தானேய்யா இருந்துது?"

கோதண்டம் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "அன்னிக்குப் போயி அத்த வேலை வாங்குவாங்களா சார்?"

வேலை போன பிறகும், முதலாளிக்குப் பக்தி போதாது என்றே ஆவடி ரயிலில் சொல்லிக்கொண்டிருந்தார்.