டிரம்மின் அடியில் தங்கிய மருந்து

என் கொழுந்தன் வேதியியலில் பட்டம் வாங்கியவன். அதைச் சட்டம் போட்டுக் குன்னத்து வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். மருந்துத் தூளைத் தண்ணீரில் கலக்கத் தெரியாது.

போன வருடம் எங்கள் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் தெரிந்தது. தாள் சுருண்டுவிட்டால் வெங்காயம் பருக்காது. விளைச்சல் முழுவதும் போய்விடும். அன்றே மருந்து அடித்தாக வேண்டும்.

"நான் பாத்துக்கிறேன் அண்ணி, நீங்க வூட்டுக்குப் போங்க" என்றான். நான் போகவில்லை.

டிரம் தண்ணீரில் முதலில் யூரியாவைக் கொட்டினான். நொடியில் மறைந்தது. டிரம்மின் வெளிப்பக்கம் சில்லிட்டது. உடனே மருந்துப் பொட்டலங்களைப் பிரித்து அப்படியே உதறினான். தூள் மிதந்தது, உருண்டை உருண்டையாகத் திரண்டது.

"மொதல்ல மக்குல கொஞ்சம் தண்ணி விட்டுக் கொழைச்சு ஊத்துப்பா."

"யூரியா கரைஞ்சுச்சுல்ல? இதுவும் கரையும்."

"அது உப்பு மாதிரி. இது சுண்ணாம்பு மாதிரி. கலக்குற வரைக்கும்தான் நிக்கும். விட்டா அடியில போயி ஒக்காந்துக்கும்."

"நீங்க எந்தக் காலேஜு அண்ணி?" என்று சிரித்தான்.

குச்சியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அதை வரப்பில் எறிந்தான். மேல் தண்ணீரை மொண்டு மொண்டு முதுகில் மாட்டும் டேங்கில் ஊற்றி, மேற்கிலிருந்து அடித்துக்கொண்டு போனான். டிரம்மின் அடியில் இருந்தது கூழ். கடைசி டேங்கில் மருந்து வரும் வாய் அடைத்துக்கொண்டது. வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்தான். படித்தவன் கண்டுபிடித்த வழி.

ஒரு வாரத்தில் வயலே சொல்லிவிட்டது. வெறும் தண்ணீர் விழுந்த மேற்குப் பாத்திகளில் தாள் சுருண்டு கிடந்தது. கூழ் விழுந்த கிழக்குப் பாத்திகளில் நுனி கருகி வெளுத்திருந்தது. நடுவில் ஐந்து பாத்திதான் பச்சை.

"மருந்து டூப்ளிகேட் அண்ணி" என்றான். பெரம்பலூர் மருந்துக் கடைக்குச் சண்டை போடப் போனான். நானும் கூடவே பஸ் ஏறினேன். அவன் கத்தி முடித்தான். கடைக்காரர் கேட்டார்: "கலக்கிக்கிட்டே மொண்டீங்களா சார்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மிஞ்சிய ஐந்து பாத்திக்கு அடுத்த தடவை மருந்து அடிக்கும்போது நான் மக்கில் குழைத்து ஊற்றினேன். குச்சியை அவன் கையில் கொடுத்தேன்.

"எவ்ளோ நேரம் அண்ணி?"

"டிரம் காலியாகுற வரைக்கும்."

நடுவில் ஒருமுறை நிறுத்தினான். நான் மொள்ளாமல் வாளியோடு நின்று பார்த்தேன். மறுபடி கலக்க ஆரம்பித்தான். அந்த ஐந்து பாத்தி வெங்காயம்தான் வீட்டுக்கு வந்தது.